அரை மில்லிமீற்றர்

யூடியூப் பார்த்துப் பழகி, வீட்டுக் கொட்டிலில மேசைவாள் வாங்கிப் பூட்டுற பெடியளோட கதைச்சுப் பாருங்கோ. புது பிளேட் பற்றி ஒரு மணித்தியாலம் சொல்லுவினம். மெசினை நேராக்கிறது பற்றிக் கேட்டா முழிப்பினம்.

மரத்தை அணைச்சுத் தள்ளுற சட்டம் பிளேட்டுக்குச் சமாந்தரமாக இருக்கவேணும். அதின்ர பின்பக்கம் அரை மில்லிமீற்றர் உள்ளுக்குச் சரிஞ்சாலும் மரம் நெரிபடும். பின்பக்கத்துப் பற்கள் மேல்நோக்கி எழும்புறதால மரத்தைத் தூக்கித் தள்ளுறவர் மேலேயே எறியக்கூடும். இதைக் 'கவனயீனம்' எண்டு முடிச்சுவிடுறதில எனக்கு உடன்பாடில்லை. பாதிக் குற்றம் மெசினில.

சோதிக்கிறது லேசு. முதல்ல பிளக்கைக் கழட்டுங்கோ, சுவிட்சை நிப்பாட்டினால் மட்டும் போதாது. ஒரு பல்லில பேனையால அடையாளம் போடுங்கோ. மேசையில இருக்கிற தவாளிப்பிலிருந்து அந்தப் பல்லுக்கு முன்பக்கம் அளந்து, பிளேட்டைக் கையால சுத்தி, அதே பல்லைப் பின்பக்கமும் அளந்து பாருங்கோ. (ஏன் அதே பல்? பிளேட் கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் அளவு ஏமாத்தாது.) வித்தியாசம் இருந்தா மேசைக்குக் கீழ போல்ட்டுகளை இளக்கிச் சரிபண்ணி, பிறகு சட்டத்தையும் அதே தவாளிப்புக்குச் சமாந்தரமாக்குங்கோ.

பிளேட்டுக்குப் பின்னால நிக்கிற பிளவுக்கத்தியை 'இடைஞ்சல்' எண்டு கழட்டி எறியிறது இன்னொரு பழக்கம். அறுத்த வெட்டு திரும்ப மூடிப் பிளேட்டை இறுக்காமல் தடுக்கிறதே அதுதான். அது இல்லாத மேசைவாளுக்குக் கிட்டவும் நான் போகமாட்டன்.