விடுபட்ட சிலர்

நூறு பேர் வாழும் ஊரில் எண்பது பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டால், அவ்வூருக்கு எண்பது பங்கு காவல் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. கணக்கு அவ்வாறு கூறலாம். நோய் அக்கணக்கை ஏற்பதில்லை. ஏரிக்கரை பத்தில் ஒன்பது பங்கு உறுதியாய் இருப்பினும், உடைந்த ஓரிடத்தின் வழியே நீர் வெளியேறிவிடும் அன்றோ? தடுப்பாற்றல் இல்லாதார் நடுவே, தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை அந்நோயைப் பெறக்கூடும். ஆதலின் நூற்றுக்கு 95 பேரேனும் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டாலன்றி அதன் பரவல் நிற்பதில்லை என்பர் மருத்துவ அறிஞர்.

விடுபட்டோர் நாடெங்கும் ஒரே அளவாய்ச் சிதறி வாழ்வதுமில்லை. செங்கற்சூளைகளை நாடி ஊர் ஊராய்ப் பெயர்வோர், மலைச்சிற்றூர்களில் வாழ்வோர், வதந்தியை நம்பிய ஒரு தெருவினர் என அவர்கள் ஆங்காங்கே கூட்டமாகவே வாழ்கின்றனர். மாநிலத்தின் சராசரி எண் இவர்களைக் காட்டாது; மறைத்துவிடும்.

அந்தச் சராசரி எண்தானும் நிலையானதன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஓராண்டு நிரம்பி இரண்டாண்டு நிரம்பாத குழந்தைகளுள் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றோர் தமிழ்நாட்டில் 2005-06இல் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பேர். பத்தாண்டு கழித்து, 2015-16இல், அது 70 ஆகச் சரிந்தது. 2019-21இல் மீண்டும் 89 ஆக உயர்ந்தது. ஏறிய படியிலிருந்து இறங்கவும் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் இக்கணக்கைப் புதிதாகத் தொடங்குகின்றது.

அரைகுறைப் பணியால் அரைப்பங்கு நன்மையேனும் விளையும் என்று கூறுவார் உண்டு. ரூபெல்லா நோயின் வரலாறு அதனை மறுக்கின்றது. இந்நோய் சிறுவரைத் தாக்கினால் மெல்லிய காய்ச்சலும் தடிப்பும் தோன்றி மறையும். கருவுற்ற தொடக்க மாதங்களில் ஒரு பெண்ணைத் தாக்கினாலோ, பிறக்கும் குழந்தை செவித்திறன் இழந்தோ, கண்புரையோடோ, இதயக் குறையோடோ பிறக்கக்கூடும். கிரேக்க நாட்டில் 1975 அளவில் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு இதற்குரிய ஊசி போடத் தொடங்கினர். ஆயினும் அனைவர்க்கும் அது சென்று சேர ஏற்பாடு செய்யவில்லை; 1980களில் பாதிக் குழந்தைகளும் அதனைப் பெறவில்லை. விளைந்தது யாது? நோயின் நடமாட்டம் குறைந்தது; ஊசி பெறாத சிறுமியர், நோயும் காணாமல், தடுப்பாற்றலும் பெறாமல் வளர்ந்து இளம்பெண்களாயினர். 1993இல் நோய் மீண்டும் பரவியபோது அதில் சிக்கியவருள் இளைஞரே மிகுதி. அதன் விளைவாக 25 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறந்தன. குழந்தைப் பருவத்தில் விடுபட்டதன் விலையை அடுத்த தலைமுறைக் குழந்தைகள் கொடுத்தன.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுவை, கோவா, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முதன்முதலாகப் பெருந்திரளாகப் போடப்பட்டபோது, கைக்குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள அனைவர்க்கும் போட முனைந்ததன் காரணம் இதுவே. ஆனால் கைப்பேசி வழியே வதந்தி பரவியது. அஞ்சிய பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் தயங்கினர். குறித்த நாளுக்குள் பணி முடியாமல் நாள் நீட்டிக்கப்பட்டது. அத்தாய்மாரைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. தம் குழந்தையின் உடலில் செலுத்தப்படுவது யாது என்று வினவுவது அவர்தம் உரிமை. ஊசிக்குப்பின் காய்ச்சலும் வீக்கமும் வரலாம். கடுமையான ஒவ்வாமை மிக அரிதாக நேரலாம். அதன்பொருட்டே அரைமணி நேரம் அங்கேயே அமர்த்தி வைக்கின்றனர். இதனை மறைக்காமல் முன்னரே கூறிவிட்டால் வதந்திக்கு இடம் ஏது? அறியாததை அறிந்ததுபோல் பிறர்க்கு அனுப்பியோரே பழிக்குரியவர். சிக்கிம் மாநிலத்தார் 2018இல், 9 முதல் 13 வயது வரையுள்ள சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பெரிதும் பள்ளிகள் வழியாகப் போட்டனர். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் முதலில் விளக்கினர். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அதனைப் பெற்றனர்.

கைக்குழந்தைக்கு ஊசி போட மறவாத வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குரியதை மறந்துவிடுகின்றனர். தொண்டை அடைப்பானையும் இரணஜன்னியையும் தடுக்கும் ஊசியைப் பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் மீண்டும் போடுதல் வேண்டும். குழந்தைப் பருவத்தில் பெற்ற காவல் நாளடைவில் தளர்வதே காரணம். கல்வியிற் சிறந்த கேரளத்திலேயே, மலப்புரம் மாவட்டத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் பரவியது. அதற்கு ஆளானோருள் பலர் பத்து வயதைக் கடந்தவர்கள்.

பள்ளியில் ஊசி போடும் நாளன்று எத்தனை பேர் போட்டுக்கொண்டனர் என்று கரும்பலகையில் எழுதுவது எளிது. அன்று வராதவர் யார், காய்ச்சலால் வரவில்லையா, அச்சத்தால் வரவில்லையா, பெற்றோருடன் வேற்றூர் சென்றனரா என்று அறிந்து, மறுவாரமே அவர்க்குப் போடச் செய்வதுதான் கடினம். அப்பெயர்ப்பட்டியலைச் செவிலியர் ஒருவரே நிரப்ப இயலாது. தம் பக்கத்தில் அன்று வெறுமையாய் இருந்த இருக்கை யாருடையது என்பதை மாணவர் அறிவர். அதனை அவர்கள் ஆசிரியரிடம் கூறலாம்.