“சரி” என்ற ஒரு சொல்

நம் வீடுகளில் நாளொன்றுக்கு எத்தனை முறை “சரி” என்கிறோம்! காதில் விழுந்தது என்பதற்கும் சரி. சம்மதம் என்பதற்கும் சரி. “போதும், பேச்சை நிறுத்து” என்பதற்கும் அதே சரிதான். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அது எந்தச் “சரி” என்று அறிந்துகொள்கிறோம். முகம் காணாத இடத்தில் இத்தகைய சொல் எவ்வளவு அபாயமானது என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி. ஸ்பெயினுக்கு உட்பட்ட கானரித் தீவுகளில் ஒன்று டெனெரீப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பல டெனெரீபின் சிறிய நிலையத்தில் வந்து நெருங்கி நின்றன. இடநெருக்கடி காரணமாக, புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து செல்ல வேண்டியதாயிற்று. டச்சுக் கம்பெனியான கே.எல்.எம்.மின் விமானம் ஓடுபாதையின் கோடிக்குச் சென்று திரும்பி நின்றது. பான் அமெரிக்கன் விமானமோ அதே பாதையில் இன்னும் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மூடுபனி கவிந்திருந்தது. விமானங்கள் ஒன்றையொன்று காணவில்லை; கோபுரத்திலிருந்த அதிகாரியும் இரண்டையும் காணவில்லை. மூன்று தரப்பாரையும் பிணைத்திருந்தது காதில் விழும் சொல் ஒன்றே.

வானில் ஏறிய பின் எவ்வழியே செல்வது என்பதைக் கோபுரத்து அதிகாரி டச்சு விமானத்துக்குக் கூறினார். அது வழி கூறும் உத்தரவு. கிளம்பும் உத்தரவு அன்று. ஆயினும் அதில் ‘டேக்-ஆஃப்’ என்னும் சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, “நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்” என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தார். கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்பதா, அல்லது கிளம்பிவிட்டோம் என்பதா? இலக்கண ஆசிரியனுக்கும் அதற்கு விடை கூற இயலாது. அதிகாரி முதற் பொருளையே கொண்டார். “ஓ.கே.” என்றார்; சற்று நிறுத்தி, “காத்திருங்கள், நான் அழைக்கிறேன்” என்றார். அதே கணத்தில் பான் அமெரிக்கன் விமானியும், தாங்கள் இன்னும் பாதையில்தான் இருப்பதாகக் கூறினார். ஒரே அலைவரிசையில் இருவர் ஏககாலத்தில் பேசினால் கேட்பவருக்குக் கீச்சொலிதான் மிஞ்சும். டச்சு விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது “ஓ.கே.” மட்டுமே!

அடுத்த சில விநாடிகளில் நடந்ததுதான் மனத்தை மிகவும் உறுத்துகிறது. ரேடியோவில் வந்த பேச்சைக் கவனித்த டச்சு எஞ்சினீயர், “அந்த விமானம் பாதையை விட்டு விலகவில்லையா?” என்று கேட்டார். பதவியில் உயர்ந்தவரான தலைமை விமானி, விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் கூறினார். எஞ்சினீயர் அதற்குமேல் பேசவில்லை. விமானங்கள் மோதின, 583 பேர் மாண்டனர். உத்தரவு பெறாமலே தலைமை விமானி கிளம்பியதை விசாரணை எடுத்துக் காட்டிற்று. ஆனால் அந்தப் பிழைக்கு வழி திறந்துவிட்டவை தெளிவற்ற சொற்களே.

இதன் பயனாகப் பல கட்டுப்பாடுகள் பிறந்தன. கிளம்ப உத்தரவு கொடுக்கும்போதோ, அதை ரத்து செய்யும்போதோ அன்றி, ‘டேக்-ஆஃப்’ என்னும் சொல்லை ரேடியோவில் உச்சரித்தலாகாது. மற்றச் சமயங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே கூற வேண்டும். முக்கியமான உத்தரவைப் பெற்றவர் “சரி” என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. கேட்டதை முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவரும் அதைச் செவிமடுத்துப் பிழை உண்டாயின் திருத்த வேண்டும். ‘நைன்’ என்பது ‘ஃபைவ்’ என்று காதில் விழலாமென அஞ்சி, ‘நைனர்’ என்று உச்சரிக்கும் வழக்கமும் உண்டு. நம் பள்ளிப் பிள்ளைகள் வாய்பாடு ஒப்பிப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும்!

தெளிவின்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதற்கு மரியாதை என்று பெயர். 1990-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியான்கா விமானம், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் சுற்றும்படி நிறுத்திவைக்கப்பட்டது. எண்ணெய் வற்றிக்கொண்டிருந்தது. துணை விமானி முன்னுரிமை வேண்டினார். எண்ணெய் தீர்ந்துவருகிறது என்றும் கூறினார். ஆனால் ‘எமர்ஜென்சி’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் இறுதிவரை ரேடியோவில் உச்சரிக்கவில்லை. கீழே இருந்தவர்களுக்கு அவர் நிலைமை விளங்கவில்லை. லாங் தீவில் விமானம் விழுந்து 73 பேர் மடிந்தனர்.

அடக்கமாகப் பேசுவது பண்பு என்று நாம் குழந்தைகளுக்குப் போதிக்கிறோம், போதிக்கத்தான் வேண்டும். அத்துடன் மற்றொன்றையும் சேர்த்துப் போதிப்போமாக. அபாயத்தை அபாயம் என்றே சொல்ல வேண்டும். பெரியவர் பதில் சொல்லிவிட்டார் என்பதற்காகச் சிறியவர் தம் ஐயத்தை விழுங்கிவிடக் கூடாது. பெரியவர்களும், “விளங்கிற்றா?” என்று கேட்டு “விளங்கிற்று” என்ற விடையோடு திருப்தி அடைவதை விட்டு, “எங்கே, விளங்கியதைச் சொல் பார்க்கலாம்” என்று கேட்கப் பழக வேண்டும். அவ்விதம் கேட்பதற்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிப்பதனால் யாருக்கு என்ன லாபம்?