விசை யார் கையில்?

‘ஊடாட்டக் கலை’ என்ற பெயரில் நமக்குக் காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை கலையுமல்ல, ஊடாட்டமுமல்ல. பேரங்காடித் தரையில் காலை வைத்தால் ஒளிமீன்கள் சிதறி ஓடுகின்றன. பூங்காவில் ஊர்ப்பெயரை விளக்கெழுத்தில் நிறுத்தி, அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பார்ப்பவர் என்ன செய்யலாம் என்பதை அமைத்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். நமக்கு மிச்சம் கீழ்ப்படிதல்.

இதில் சலித்துப்போன இலக்கிய நண்பர்கள், மின்கம்பியும் கணினியும் தொட்ட எதுவும் கலையாகாது என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள்முன் அசோக் சுகுமாரனின் பெயரை வைக்கிறோம்.

தில்லியில் கட்டடக்கலை பயின்றவர் அவர். 2005இல் மும்பை தலைமை அஞ்சலகத்தை ஒட்டிய சந்திப்பில் ‘க்ளோ பொசிஷனிங் சிஸ்டம்’ என்றொரு அமைப்பை நிறுவினார். சுற்றியிருந்த கட்டடங்களின்மேல் விளக்குச்சரம். தெருவில் ஒரு கைச்சுழற்றி. போகிறவர் வருகிறவர் யாரும் அதைச் சுற்றலாம். சுற்றச் சுற்ற ஒளி கட்டடம் விட்டுக் கட்டடம் நகரும். 2006இல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் ‘பார்க் வியூ ஹோட்டல்’. பூங்காவில் நிற்பவர் தொலைநோக்கியைத் திருப்பினால், எதிரேயுள்ள ஆடம்பர விடுதியின் உள்ளிருந்து விளக்குகள் மறுமொழி தந்தன. 2007இல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலக்ட்ரானிகா அதற்குத் தங்க நிகா விருதளித்தது. அவ்வாண்டே அவருடன் ‘கேம்ப்’ குழுவைத் தொடங்கிய ஷைனா ஆனந்த், 2006இல் தில்லி கிர்க்கி பகுதியில் மலிவான கண்காணிப்புக் கேமராக்களையும் கேபிள் டிவி வடங்களையும் கொண்டு வீடுகளையும் கடைகளையும் இணைத்தார். அக்கம்பக்கத்தார் திரையில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டனர். கண்காணிக்கப் பிறந்த கருவி அங்கே திண்ணையாயிற்று.

இவற்றில் எதுவும் வித்தை காட்டும் கருவியல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சத்தின் விசை யார் கையில் இருக்கிறது, யார் யாரைப் பார்க்கலாம் என்ற கேள்விகளை இவர்கள் தெருவில் கொண்டுவந்து வைத்தார்கள். இந்தக் கலையை அளக்கும் கோல் அதுவே என்கிறோம்.

‘அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் மழையே கேள்விக்குறி, இங்கே இது எதற்கு?’ என்பார்கள். இங்கேதான் வேண்டும். இணைப்பு என்பது இந்த வானம் பார்த்த பூமிக்குப் புதிதல்ல. மேல் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். மடையைத் திறந்து முறைவைத்துப் பாய்ச்ச ஊரே ஒரு நீர்பாய்ச்சியை வைத்திருந்தது. அவர் கை யாருக்காகத் திறக்கிறது என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. சாதியும் நிலவுடைமையும் அந்த முறையிலும் புகுந்தன. அதைப் பொற்காலம் என்று நாம் பாடவில்லை. ஆனால் விசை கண்ணெதிரே இருந்தது. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

இன்று அப்படியில்லை. திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தது. அத்தகைய நிலையங்களிலிருந்து உயரழுத்தக் கம்பிகள் கரிசலின் தலைக்குமேல் போகின்றன. எவ்வளவு போகிறது, எங்கே போகிறது, யார் நிறுத்துகிறார்கள் என்பது கீழே ஆடு மேய்ப்பவருக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் வரும் நாளும் அவ்வாறே எங்கிருந்தோ தீர்மானமாகிறது.

ஆகவே, வண்ண நீரூற்றையும் விளக்கெழுத்தையும் கலையென்று திறந்துவைக்காதீர்கள். கண்மாயின் நீர்மட்டத்தையும் கம்பியில் ஓடும் மின்சாரத்தையும் அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில், எழுத்தறியாதவருக்கும் விளங்கும் ஒளியாக ஒரு கலைஞர் நிறுத்தட்டும். கைச்சுழற்றியைத் தறிக்காரரும் பூ விற்பவரும் சுற்றட்டும். அது கலையா என்று அப்புறம் நாம் விவாதிக்கலாம். அதை எந்த அதிகாரி முதலில் அணைக்கச் சொல்கிறார் என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.