ஒரே பிழை, வேறு வேறு பாட்டி

குடும்பத்தில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்த 61 தென்னிந்திய நோயாளிகளைச் சோதித்த ஆய்வு 2009-இல் வெளியானது. பழுதானால் இந்தப் புற்றுகளின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக்களில் 17 பேரிடம் பிழை இருந்தது. அவர்களில் பத்துப் பேருக்கு ஒரே பிழை: பிஆர்சிஏ1-இல் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படும் அதே பிழை.

கேட்டதும் மனசு கொச்சிக்கு வந்த யூத வணிகர்களைத் தேடும். அவசரம் வேண்டாம். ஒரே மூதாதையிடமிருந்து வந்த பிழை என்றால், அதன் இருபுறமும் உள்ள மரபணு அடையாளங்களும் ஒத்திருக்க வேண்டும். 2007-இல் ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், அங்கே அது தனியாகவே தோன்றியது என்றார்கள். 2013-இல் 115 குடும்பங்களை ஒப்பிட்ட ஆய்வு, அஷ்கனாசிகளிடம் அது சுமார் 61 தலைமுறைக்கு முன் பிறந்தது என்றது. மலேசியாவிலும் பிரிட்டனிலும் யூதரல்லாதவர்களிடம் தனித்தனியே தோன்றியிருக்கிறது. அந்த இடத்தில் ஏஜி, ஏஜி என்று எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. படியெடுக்கும்போது ஒரு ஜோடி நழுவுவது எளிது.

பூர்வீகம் தேடுவதில் வம்சப் பெருமைக்கு வேலையில்லை (நமக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகம்). பயன் வேறு. அஷ்கனாசிப் பெண்ணிடம் அவர்களுக்கு வழக்கமான மூன்று பிழைகளைத் தேடினாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும், செலவும் குறைவு. நாமோ சாதிக்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழ்ந்தவர்கள். 2017-இல் ஆராயப்பட்ட 263 தெற்காசியக் குழுக்களில் 81, அஷ்கனாசிகளைவிடவும் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து பெருகியவை. ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கே உரிய பிழைகள் இருக்கலாம். யூதர்களின் பட்டியலை இரவல் வாங்கியிருந்தால் அந்தப் பதினேழில் ஏழு பேர் வரை கைநழுவியிருக்கலாம். நமக்கான பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.

அதற்குக் குடும்பங்கள் வாய் திறக்க வேண்டும். இலத்தூர் போன்ற ஊர்களில் சம்பந்தம் பேசும்போது வயலையும் வேலையையும் விசாரிப்பார்கள். அத்தைக்கு வந்த மார்புக் கட்டியை மூடிவைப்பார்கள். ஊரில் சொல்லாமல் ஆரியங்காவுக் கணவாய் தாண்டித் திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்ப்பவர்களும் உண்டு. இந்தப் பிழை தகப்பன் வழியாகவும் வரும். மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கு வந்ததை அம்மா வழி நோய்க் கணக்கில் தேடினால் கிடைக்காது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இருவழியிலும் யாருக்குப் புற்று வந்தது, எந்த வயதில் என்ற கேள்வியையும் அவர்களின் படிவத்தில் சுகாதாரத் துறை சேர்க்க வேண்டும். அதில் சந்தேகம் எழும் குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனையை அரசே இலவசமாகச் செய்துதர வேண்டும்.