உயரத்தில் அமர்ந்தோர்க்கு

உயரமான இருக்கையில் அமர்ந்துவிட்டால் நாமும் உயர்ந்துவிட்டோம் என்று எண்ணும் மயக்கம் நம்மவரிடையே, சிறப்பாக ஆசிரியர்களாகிய நம்மிடையே, வேர்விட்டு வளர்ந்து வருகிறது. காலை ஏழு மணிக்கு ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாயிலில் நின்று பாருங்கள். மாணவர் தொகை அறுபதைத் தாண்டாத பள்ளியிலும் மலையேறுவதற்கென்று செய்யப்பட்ட வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். ஏற வேண்டிய மலை எங்கே என்று கேட்டால் விடையில்லை. இதைச் சொன்னால் சிலருக்குச் சினம் வரும். வரட்டும். நானும் ஐந்தாண்டுக் காலம் அத்தகைய வாகனம் ஒன்றை வைத்திருந்தவன். பட்டறிவு இல்லாதவன் பேசுகிறான் என்று என் சொல்லை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் எஸ்யுவி என்று மூன்றெழுத்தில் சுருக்கி வழங்குவதை அப்படியே தமிழாக்கினால் ‘விளையாட்டுப் பயன்பாட்டு வாகனம்’ என்றாகும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது ஆறாமாண்டு மாணவி ஒருத்தி, “விளையாட்டு எங்கே ஐயா?” என்று கேட்டாள். பயன்பாடும் எங்கே என்று அவள் கேட்காமல் விட்டது என் நற்பேறு. தோட்டத்தில் நம் முன்னோர் எந்த நிறுவனம் செய்ததாயினும் ‘ஜீப்பு’ என்று ஒரே பெயரால் அழைத்தனர். இக்கட்டுரையில் நான் ‘நெட்டைவண்டி’ என்று எழுதுகிறேன். எள்ளல் என்று கொள்வோர் கொள்க. சொல்லாக்கக் குழுவினர் இதனினும் நல்ல சொல்லைத் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

உண்மையான தேவை உடையவர்களை நான் குறை கூறவில்லை. சரவாக்கின் உட்பகுதியில் பணிபுரியும் ஆசிரியரும், குவா மூசாங் உட்காடுகளில் உள்ள பூர்வகுடிப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியரும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி இல்லாமல் பள்ளிக்குப் போய்ச் சேர முடியாது. அவர்களை வணங்குகிறேன். என் வழக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்குத் தார்ச்சாலையில் எட்டுக் கிலோமீட்டர் செல்பவரோடுதான்.

என் தந்தையார் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் லேண்ட்ரோவர் ஓட்டுநராக இருந்தார். அவ்வண்டி 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடற்பகுதியை அலுமினியத்தால் செய்தார்கள். உழவுக்கும் பண்ணை வேலைக்கும் உதவ வேண்டும் என்பதே நோக்கம். அழகு பற்றிய கவலை அதில் இல்லை. எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில், மழைக்காலத்து நள்ளிரவில், நிறைமாதப் பெண்ணைப் பின்னிருக்கையில் படுக்க வைத்து 18 கல் தொலைவிலிருந்த மருத்துவமனைக்குத் தந்தையார் ஓட்டிச் சென்றதை நான் கண்டிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும்.

மூன்றாம் வகுப்போடு கல்வியை நிறுத்தியவர் அவர். ஆயினும் அவ்வண்டியை ஒரு நூலைப்போல் கற்று வைத்திருந்தார். விடியற்காலையில் எண்ணெய்க் கோலை உருவித் துடைத்துப் பார்ப்பார். குளிர்விப்பான் நீரைப் பார்ப்பார். வாரம் ஒருமுறை அடியில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். கியர்ப்பெட்டிக்கு ஓர் எண்ணெய், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிரும் பெட்டிக்கு ஓர் எண்ணெய், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார். ஓடை நீரைக் கடந்து வந்த நாளில் சுழலும் தண்டின் மூட்டுகளுக்கு மீண்டும் மசகு இடுவார். கரையேறியவுடன் பிரேக்கை மெல்ல மிதித்தவாறே சிறிது தூரம் செல்வார். ஏன் என்று கேட்டேன். “தண்ணி குடிச்ச பிரேக்கு பிடிக்காதுடா தம்பி, காய வைக்கணும்” என்றார். தார்ச்சாலையைத் தொட்டதும் முன் சக்கரங்களின் இணைப்பை விடுவிப்பார். அதற்கு மட்டும் நான் காரணம் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். 2014-ஆம் ஆண்டில் நான் பழைய டீசல் நெட்டைவண்டி ஒன்றை ஏழாண்டுத் தவணையில் வாங்கினேன். தலைமையாசிரியராகி ஓராண்டு ஆகியிருந்தது. “ஐயா, நீங்கள் சின்ன வண்டியில் வந்து இறங்கினால் பள்ளிக்கே மதிப்பில்லை” என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லை நம்பினேன் என்று எழுத இன்று வெட்கமாக இருக்கிறது. மழை பெய்த ஒரு வாரம் முழுவதும், நான்கு சக்கரமும் இயங்கினால் பாதுகாப்பு என்று எண்ணி, தார்ச்சாலையில் அப்படியே ஓட்டினேன். மழை விட்டுச் சாலை காய்ந்த பின்பும் மாற்றவில்லை. வளைவுகளில் வண்டி முரண்டு பிடித்தது. பின்னர் நெம்புகோல் அசைய மறுத்தது. பட்டறைக்காரர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்க நோக்கினார்.

அவர் விளக்கியது இது. வளைவில் முன் சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறு. பின் சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறு. என் வண்டி போன்ற பழைய அமைப்பில் இரண்டிற்கும் இடையே அந்த வேறுபாட்டைத் தாங்கும் பல்லிணைப்பு இல்லை. சேற்றில் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. ஆகவே முறுக்கம் முழுவதும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறும். என் தந்தையார் தார்ச்சாலையில் இணைப்பை விடுவித்ததன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. மூன்றாம் வகுப்புப் படித்தவருக்குத் தெரிந்தது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழும் பட்டமும் பெற்ற எனக்குத் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேர் வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் படித்திருக்கிறோம்? மாணவனுக்கு வாசிப்பின் பெருமையைச் சொல்லும் வாய் நம்முடையது.

“பாதுகாப்புக்காகத்தான் வாங்கினோம்” என்பார் உளர். இவ்வாதத்தை நின்று பார்ப்போம். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. நிறுத்துவது டயரும் சாலையும் சேர்ந்து தரும் பிடிப்பு ஒன்றுதான். வேகம் இருமடங்கானால் நிறுத்தும்போது தணிக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. எடை கூடினால் அதுவும் சேர்ந்து கூடுகிறது. இருக்கை உயர்ந்தால் எடையின் மையமும் உயர்கிறது. திடீரெனத் திருப்பினால் கவிழும் வாய்ப்பும் மிகுகிறது.

இதை நான் கண்ணால் கண்டது பனி பெய்யும் நாட்டில். 2018 டிசம்பர் விடுமுறையில் மொன்றியலில் வாழும் என் தம்பியைப் பார்க்கச் சென்றேன். கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அச்சட்டம் செல்லும். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது என்று தம்பி சொன்னான். ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவர்கள் நாங்கள். ரப்பருக்கும் குளிர் உறைக்கும் என்பது எனக்குப் புதுச்செய்தி. அவன் வைத்திருந்தது முன்சக்கரம் மட்டும் இயங்கும் சிறு வண்டி. பனி பெய்த நாளில் நெடுஞ்சாலையோரப் பள்ளத்தில் மூன்று நெட்டைவண்டிகள் மூக்கைப் புதைத்துக் கிடந்தன. “கிளம்பும்போது வழுக்காததால் பனியே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள் அண்ணே. பிரேக்கை மிதிக்கும்போதுதான் பனி இருப்பது தெரிகிறது” என்றான்.

அந்நாட்டில் குளிர்காலம் வண்டி வைத்திருப்பவனைச் சும்மா இருக்க விடுவதில்லை. பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது வண்டியின் அடியை அரிக்கும். ஆகவே அடிப்பகுதியை அடிக்கடி கழுவ வேண்டும். கண்ணாடி கழுவும் நீரும் உறையாத வகையாக இருக்க வேண்டும். புகைக்குழாயைப் பனி மூடியிருக்கும்போது இயந்திரத்தை முடுக்கினால் நச்சுவாயு உள்ளே புகுந்து உயிரைக் குடிக்கும். தம்பி ஒவ்வொரு காலையும் மண்வாரியோடு வண்டியின் பின்பக்கம் சென்று குழாயைத் துப்புரவு செய்த பின்னரே சாவியைத் தொடுவான். தந்தையாரின் பாய் எனக்கு நினைவுக்கு வந்தது.

நமக்குப் பனியில்லை; பருவமழை உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பு நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. ‘என் வண்டி உயரம், கடந்துவிடும்’ என்று வெள்ளத்தில் இறங்குவோர் ஒவ்வோர் ஆண்டும் உளர். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓடும் நீர் நெட்டைவண்டியையும் அடித்துச் செல்ல வல்லது. நீர் அசையாமல் நின்றாலும் காற்றை உறிஞ்சும் குழாய்க்குள் அது புகுந்தால் போதும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. உருளைக்குள் ஏறிய நீர் இயந்திரத்தின் தண்டை வளைத்துவிடும். வெள்ளச் சேதத்திற்கான காப்புறுதி பொதுவாகத் தனிக்கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டியது என்பதும் நம்மில் பலருக்கு நீர் வடிந்த பின்னரே தெரிகிறது.

டயரைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை மிகுதி. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்னும் நெட்டைவண்டிகளில் பூட்டப்பட்டவை அவை. ஓட்டத்தின்போது மேல்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. இறந்தோர் 200-க்கும் மேற்பட்டோர். டயரின் குறை ஒருபுறம். காற்றழுத்தம் குறைந்து சூடேறியதும், உயர்ந்த வண்டி எளிதில் உருண்டதும் மறுபுறம். அதன்பின் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தால்தான் காற்றழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு வண்டிகளில் பரவலாயிற்று. அந்த விளக்கு ஓயாமல் எரிவது கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் சாமிப் படத்தை ஒட்டிவைத்த நண்பர் எனக்கு உண்டு. சாமி எத்தனை பவுண்டு காற்று அடிக்கும்?

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள். பள்ளங்களுக்கிடையே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும், தேய்மானம் 1.6 மில்லிமீட்டரில் அவற்றைத் தொட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பெரிய வண்டியின் டயர் விலை மிகுதி. அதனால் மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறோம். நானும் தள்ளிப்போட்டேன். ஆனையை வாங்கியவன் அங்குசத்திற்குக் கணக்குப் பார்த்த கதைதான். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தபோது ஆசிரியர் அறையில் எழுந்த ஓலத்தை நான் கேட்டேன். எண்ணெய்க்கே மூச்சுத் திணறுகிறவர் டயருக்கு எங்கே போவார்?

இனி, நான் வண்டியை விற்ற காரணம். 2019-ஆம் ஆண்டு ஒரு காலைப்பொழுது. வாயிலைக் கடந்து வண்டியை நிறுத்தி, முன்னே நின்ற வாகனம் நகரக் காத்திருந்தேன். அது நகர்ந்தது. முன்னே யாருமில்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். காவலர் ஓடிவந்து இரு கைகளாலும் வண்டியின் முகப்பில் ஓங்கி அறைந்தார். இறங்கிப் பார்த்தேன். முதலாமாண்டுப் பிள்ளை ஒருவன் உருண்டு விழுந்த தண்ணீர்ப் புட்டியை எடுக்கக் குனிந்தபடி இருந்தான். சக்கரம் புட்டியை நசுக்கியிருந்தது. அவன் என்னைப் பார்த்து, “வணக்கம் ஐயா” என்றான்.

அன்று மாலை அளவுநாடாவை எடுத்து அளந்தேன். முகப்பின் உயரம் 108 சென்டிமீட்டர். முதலாமாண்டு வரிசையில் இருவர் அதைவிடக் குள்ளம். குனிந்தால் எல்லாருமே மறைவார்கள். முகப்பின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டும் வாகனம் நடந்து செல்வோர்மீது மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புடைய வாகனத்தைவிடச் சாவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2023-இல் வெளியிட்டது. 40 அங்குலம் என்பது ஏறத்தாழ 102 சென்டிமீட்டர். என் வண்டி அதைத் தாண்டியது.

காலை 6.50 முதல் 7.30 வரை பள்ளி வளாகத்திற்குள் எந்த வாகனமும், ஆசிரியருடையதாயினும், நுழையலாகாது என்று நான் முன்மொழிந்தேன். திடலோரம் நிறுத்திவிட்டு நூறு அடி நடந்து வரலாம். மழை பெய்தால் குடை உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு முறை இது தோற்றது. “இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியை வெளியில் விடுவதா?” என்று ஒருவர் கேட்டார். கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. வரும் பொதுக்கூட்டத்தில் மூன்றாம் முறையாக அதே தீர்மானத்தைக் கொண்டுவருகிறேன். நசுங்கிய தண்ணீர்ப் புட்டி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இம்முறை அதையும் எடுத்துச் செல்வேன்.