தாயின் எழுத்தை விட்டுவிட்டோம்

குமரி மாவட்டக் கீரிப்பாறை மலைப்பகுதியின் தொல்குடிகளான காணிக்காரர்களின் மரபில், பிள்ளைக்கு இல்லம் என்னும் குலப்பிரிவு தாய்வழி வருகிறது. மூட்டில்லத்துத் தாய் பெற்ற பிள்ளை மூட்டில்லம்தான். கீழே வயல்நாட்டில் நாஞ்சில் நாட்டு வேளாளர்களும் மருமக்கள் வழி என்னும் தாய்வழி முறையில் வாழ்ந்தவர்கள். தாயை வைத்துக் குடும்பம் எண்ணிய இந்த மண்ணில் பிறந்த நாம், பெயருக்கு முன்னால் தாய்க்கென்று ஓர் எழுத்துகூட வைக்கவில்லை. இது நம் எல்லோருடைய குற்றம்.

மருமக்கள் வழி பெண்ணாட்சியாக இருந்ததில்லை. சொத்து குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் கையில் இருந்தது. அவர் கண்மூடினால் அது சகோதரியின் மக்களுக்குப் போகும். மனைவியும் பிள்ளைகளும் தவித்து நிற்பார்கள். தேரூரில் பிறந்த கவிமணி ‘மருமக்கள் வழி மான்மிய’த்தில் அந்தத் தவிப்பை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயால் சொன்னார். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மாற வேண்டிய சொத்துமுறை மாறியது, அது நியாயம். ஆனால் பாட்டிமார் பெயரை மறக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை நாமாகவே செய்தோம்.

பூட்டன் பெயரைக் கேட்டால் சொல்வோம்; பூட்டி பெயரைக் கேட்டால் விழிப்போம். இருட்டோடு எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தவள் அம்மா. சான்றிதழில் இனிஷியல் அப்பாவுடையது. தனியாக வளர்த்த தாயிடமும் ‘அப்பா பேரு?’ என்றுதான் முதலில் கேட்டோம். அவள் பதில் சொல்ல முடியாமல் நின்றபோது, வரிசையில் பின்னால் நின்ற நாம் வாய் திறக்கவில்லை.

சட்டம் நம்மைவிட முன்னால் போய்விட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 முதல் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும். கணவரை இழந்த தாய்க்குத் தன் பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டென்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இனியும் சட்டத்தைக் காரணம் காட்ட நமக்கு வழியில்லை.

பூட்டிகளின் பெயர் தெரிந்த மூத்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். குடும்ப வரலாற்றிலும் கல்யாண அழைப்பிலும் அந்தப் பெயர்களைச் சேர்ப்போம். அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு எழுத்து வைப்போம். தாயின் எழுத்து முதலில் வரட்டும்.