சகோதரியின் கையெழுத்து

ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டால் ஆலிம்களிடம் பல கேள்விகள் வருகின்றன. ஜனாஸாத் தொழுகையை முன்னின்று நடத்துவது யார்? இத்தாவில் இருக்கும் பெண் மருத்துவரிடம் செல்லலாமா? மர்ஹூம் அவர்களுக்குத் தவறிய நோன்புகளுக்குப் பரிகாரம் என்ன? கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், 'தந்தையார் விட்டுச் சென்றதில் என் சகோதரிகளின் பங்கு எவ்வளவு?' என்று தாமாக முன்வந்து கேட்கும் ஆண்மக்கள் மிகச் சிலரே.

அந்தக் கேள்வி பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே எழுகிறது. அதையும் மார்க்கம் எழுப்புவதில்லை, பத்திர எழுத்தர் எழுப்புகிறார். வீட்டை விற்க வேண்டுமானால் வாரிசுகள் அனைவரின் கையெழுத்தும் தேவை என்கிறார். உடனே பழப்பையுடன் அண்ணன் தங்கையின் வீட்டுக்குப் புறப்படுகிறார். விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. அவள் கையெழுத்திடுகிறாள். 'என் தங்கை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தாள்' என்று ஊரில் சொல்லப்படுகிறது.

அது மனப்பூர்வந்தானா? தன் பங்கு எவ்வளவு என்பதே அவளுக்குத் தெரியாது. பங்கைக் கேட்டால் 'சொத்துக்கு வந்தவள்' என்னும் பெயர் கிடைக்கும் என்பது தெரியும். பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடும், பெருநாளுக்கு அண்ணன் வரமாட்டார், நாளை கணவன் வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தால் கேட்க ஆளிருக்காது என்பதும் தெரியும். தன் பங்கைக் கொடுத்து அண்ணனின் உறவை அவள் விலைக்கு வாங்குகிறாள். இரத்த உறவுக்கு விலை வைத்த பாவம் யாரைச் சேரும்?

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி தம் இரு பெண்மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. சொத்து முழுவதையும் பிள்ளைகளின் சிறிய தந்தை எடுத்துக்கொண்டார். பொருளில்லாத பெண்களை மணப்பவர் யார் என்பது அத்தாயின் கவலை. வாரிசுரிமை வசனம் அருளப்பெற்றது. நபியவர்கள் அந்தச் சிறிய தந்தையை அழைத்து, மூன்றில் இரு பங்கைப் பெண்மக்களுக்கும், எட்டில் ஒரு பங்கைத் தாயாருக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். அப்பெண்களிடம் 'விட்டுக்கொடுங்கள்' என்று எவரும் கேட்கவில்லை.

சொத்து குறைவாயினும் அதிகமாயினும் பெண்களுக்கு அதில் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் விதிக்கிறது. பங்குகளை விவரித்து முடித்தபின், இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்றும், இவற்றை மீறுவோருக்கு நரகம் என்றும் 13, 14-ஆம் வசனங்கள் எச்சரிக்கின்றன. தொழுகையின் ரக்அத்துகளைக்கூட நபிவழியின் மூலமே விரிவாக அறிகிறோம். பங்குகளின் அளவையோ திருமறையே எண்ணிட்டுச் சொல்லிவிட்டது.

கணக்கும் கடினமன்று. ஒருவர் மனைவி, ஒரு மகன், இரு மகள்களை விட்டு இறந்தார். அவருடைய பெற்றோர் உயிருடன் இல்லை. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக 16 இலட்ச ரூபாய் எஞ்சுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 2 இலட்சம். மீதி 14 இலட்சத்தில் மகனுக்கு 7 இலட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் மூன்றரை இலட்சம். கொடுக்கப்படாத மஹர் இருந்தால் அதுவும் கடனே. பங்கீட்டுக்கு முன்பே அது மனைவியைச் சேர வேண்டும். மதரஸா மாணவன் கரும்பலகையில் சில நிமிடங்களில் முடிக்கும் இக்கணக்கு, நம் வீடுகளில் ஒரு தலைமுறை கழிந்தும் முடிவதில்லை.

நாட்டின் சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தின் வாரிசுரிமையை விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. தஞ்சைத் தரணியின் நன்செயானாலும் நகரத்துக் கடையானாலும் நம் பெண்களுக்குப் பங்கு உண்டு.

'நகையும் சீரும் கொடுத்துத்தானே கட்டிக்கொடுத்தோம்' என்பார்கள். தந்தை உயிருடன் இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமையோ அவர் இறந்த பின்னரே பிறக்கிறது. பிறக்காத உரிமையை முன்கூட்டியே எப்படித் தீர்த்துவிட முடியும்? மேலும், சீரில் பெரும்பகுதியை அனுபவித்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் வாங்கியதை அவள் கணக்கில் எழுதுவது என்ன நீதி?

'வளைகுடாவில் வெயிலில் உழைத்து நான் அனுப்பிய பணத்தில் கட்டிய வீடு, வாப்பாவின் பெயரில் இருக்கிறது' என்பார் மற்றொருவர். அவருடைய வலி உண்மையானது. அனுப்பும்போதே அது கடனா, கூட்டா, அன்பளிப்பா என்று சாட்சிகளுடன் எழுதிக்கொள்ளட்டும். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கடனை எழுதிவைக்குமாறு விரிவாகப் பணிக்கிறது. தந்தை இருக்கும்போது மௌனமாக இருந்துவிட்டு, அவர் போனபின் தங்கையின் பங்கில் அந்தக் கணக்கை நேர்செய்வது முறையன்று.

விட்டுக்கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால், கைக்கு வராத ஒன்றை எவரும் கொடுக்க இயலாது. முதலில் சொத்துப் பட்டியலை அவளிடம் காட்டுங்கள். பங்கின் மதிப்பைச் சொல்லுங்கள். அவள் பெயரில் கொடுத்துவிடுங்கள். பிரிக்க முடியாத வீடானால் சந்தை விலையைக் கணித்து, ஒப்புக்கொண்ட தவணைகளை எழுதிக் கொடுங்கள். அதன்பின் அவள் உவந்து திருப்பிக் கொடுத்தால், அது ஹலாலான அன்பளிப்பு.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல்: மனைவிக்கு வந்த பங்கு மனைவியுடையது. மைத்துனரிடம் நீதி கேட்டுவிட்டு, வந்த பணத்தைத் தம் பெயரில் வைத்துக்கொள்பவர் அதே தவற்றைத்தான் செய்கிறார்.

தந்தையின் மறுமைக்காகக் கை உயர்த்தும் மக்களே! அவர் விட்டுச் சென்ற பொருள் உரியவர்களைச் சேர்ந்துவிட்டதா என்பதையும் எண்ணிப் பாருங்கள். நம் சகோதரிகள் பங்கைப் பெற்ற பின்னும் அச்சமின்றி வந்து போகும் வீடுகளாக நம் வீடுகளை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.